72 ஓட்டில் போன உயிர்

போன மாதம் பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து அத்தை போன் பண்ணினாள்.

"உங்க மாமா ஏரிக்குப் போவ மாட்டேங்குறாரு. படகுக்கு வந்த புது ஆளைப் புடிக்கலையாம். நீதான் பி.காம். படிச்சவனாச்சே, வந்து புத்தி சொல்லு."

பி.காமில் கணக்கியல் உண்டு, கம்பெனிச் சட்டம் உண்டு. மாமாவுக்குப் புத்தி சொல்வது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. இருந்தாலும் அத்தையின் நண்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விஷயம் இதுதான். 22 வருஷமாக மாமா வலை போடுவார், கூட்டாளி கழி ஊன்றுவார். பேசுவது பூரா மாமா. கூட்டாளியின் மொத்த வசனமும் ஒரே எழுத்து: "ம்". இப்போது கூட்டாளிக்கு முழங்கால் போய்விட்டது. அந்த இடத்துக்கு அவர் மகன் வந்திருக்கிறான்.

மாமா குற்றப்பத்திரிகை வாசித்தார். "எப்பப் பாரு பாட்டு முணுமுணுக்குறான். செல்லை நோண்டுறான். எதுக்கெடுத்தாலும் 'சரி மாமா'ங்குறான்!"

"கழி ஊனுறானா?"

"அது நல்லாத்தான் ஊனுறான்."

இந்த வியாதி எனக்குத் தெரியும். எனக்கும் வந்ததுதான்.

இரும்புக்கை மாயாவியில் ஆரம்பித்து, கையில் கிடைத்த காமிக்ஸையெல்லாம் படித்து வளர்ந்தவன் நான். மற்ற பையன்களுக்கு பேட்மேன் ஆக ஆசை. எனக்கு ராபின். பேட்மேன் ஆக வேண்டுமானால் பரம்பரைச் சொத்து வேண்டும். ராபின் ஆக ஒரு டிராயர் போதும்!

அந்த ராபின், அதாவது டிக் கிரேசன், 1940-ல் வந்தவன். நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்துவிட்டு, 1984-ல் நைட்விங் என்று பேரை மாற்றித் தனிக்கடை போட்டுவிட்டான். காலியான டிராயருக்குள் ஜேசன் டாட் என்கிற புதுப் பையனை இறக்கினார்கள். முதலில் பழையவன் மாதிரியே சர்க்கஸ்காரப் பையன். 'வெறும் காப்பி' என்றார்கள் ரசிகர்கள். சரியென்று 1987-ல் கதையையே மாற்றி, பேட்மேன் கார் டயரையே கழற்றுகிற தெருப்பையன் ஆக்கினார்கள். 'ரௌடிப்பயல்' என்றார்கள்.

1988-ல் வந்தது க்ளைமாக்ஸ். ஜோக்கர் வைத்த குண்டு வெடிக்கிறது. ஜேசன் பிழைக்கணுமா, சாகணுமா? வாசகர்களே, போன் பண்ணிச் சொல்லுங்கள்! ஒரு காலுக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவை 5,343. பிழைக்கட்டும் என்றவை 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் காலி. நான் பிறப்பதற்கு முன்பே நடந்த தேர்தல்தான். ஆனாலும் படித்தபோது, மறு எண்ணிக்கை கேட்கலாமா என்றிருந்தது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், 1989-ல் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத் தகராறு முடிந்த கையோடு, 'கவுண்டமணிக்கு வேறு செந்தில் வேண்டுமா? போன் பண்ணுங்கள்' என்று கேட்ட மாதிரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சே பற்றி எரிந்திருக்கும்!

"எனக்கு ஏரி பாக்கணும் மாமா" என்று நச்சரித்து, அன்று ராத்திரி மாமாவைப் படகேற்றினேன். முன்னால் பையன் கழி ஊன்ற, இந்தக் கதையைச் சொன்னேன்.

"போன் போட்டா கொன்னாங்க? அவன் இன்னாடா தப்பு பண்ணான்?"

"பழைய ஆள் மாதிரி இல்ல மாமா. அதான் தப்பு."

மாமா என்னை முறைத்தார். பிறகு பையன் முதுகைப் பார்த்தார்.

பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் யார் எங்கே, எந்த முறையில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். "நாங்க எடத்துக்குத்தாண்டா சீட்டுப் போடுவோம். ஆளுக்குப் போட மாட்டோம்" என்றார் மாமா.

"செத்தவன் 2005-ல திரும்பி வந்தான் மாமா. செவப்பு முகமூடி போட்டுக்கிட்டு, பயங்கரக் கோவத்தோட."

"வராம இன்னா பண்ணுவான்? அப்புறம் அந்த பேட்மேனுக்குத் துணைக்கு யாரு?"

"1989-ல டிம் டிரேக்னு மூணாவதா ஒரு பையன். யாரும் கூப்பிடல. துணை போனதிலேர்ந்து பேட்மேன் நிதானம் இல்லாம அடிபட்டுக்கிட்டுத் திரியறதைப் பார்த்துட்டு, அவனாவே தேடி வந்தான். 'அவருக்குப் பக்கத்துல ஒரு ராபின் இருந்தே ஆகணும்'னான்."

கழி ஒரு நிமிஷம் நின்றது. பையன் திரும்பாமலே சொன்னான்:

"எங்கப்பாவும் அதான் சொல்லி அனுப்பிச்சாரு. 'அந்தாளு கோவத்துல ராத்திரி தனியா ஏரிக்குப் போயிடுவாரு. நீ கூடப் போ. திட்டினா வாங்கிக்க, எறங்கிடாத'ன்னு."

ஏரி நிசப்தமாக இருந்தது. மாமா வலையில் இல்லாத சிக்கலை ரொம்ப நேரம் எடுத்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் எடப்பக்கமா விடு" என்றார்.

பையன் ஜாக்கிரதையாக, "ம்" என்றான்.

"டேய், அது உங்கப்பன் பேச்சு. நீ உன் பேச்சைப் பேசு."

"சரி மாமா."

"பாட்டு மட்டும் வேணாம்."

மறுநாள் மத்தியானம் அத்தை நண்டுக் குழம்பு ஊற்றினாள். வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பி.காம். எனக்குச் சோறு போட்டது அன்றைக்குத்தான்.