இலங்கை 1942: மேப் செய்வோரின் கோரிக்கைச் சாசனம்

போர் விமான சிமுலேட்டர்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, அவற்றைக் காசு கொடுத்து வாங்கி, பறந்து, அவற்றுக்கு மேப்பும் செய்யும் நாங்கள் எழுதுவது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது. அந்த நாட்களின் இலங்கையை மேப்பாக்கிக்கொண்டிருக்கிறோம். வேலை நிற்பது எங்களால் அல்ல.

மேப்பின் நிலத்தை உருவாக்கும் டெரெய்ன் கருவியை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். மிஷன் எடிட்டரைத் தந்து விமானங்களை எங்கும் நிறுத்தலாம் என்கிறீர்கள். அவை நிற்கும் நிலத்தை மட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருக்கிறீர்கள். கருவி உங்களிடம் தயாராக இருக்கிறது. யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. பிறகு எதற்குத் தாமதம்? 2001இல் வந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக் வரிசையை இன்றும் பறக்கவைப்பதில் ரசிகர்கள் செய்த மேப்களுக்கும் பங்குண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கருவியோடு நிலத்தைத் திருத்தும் உரிமையும் வர வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உயரத் தரவு, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது 2000ஆம் ஆண்டின் இலங்கை. 1985இல் முடிந்த விக்டோரியா நீர்த்தேக்கம் அதில் தட்டையாகக் கிடக்கிறது. தண்ணீருக்கடியில் போன பழைய தெல்தெனிய ஊரையும் மகாவலிப் பள்ளத்தாக்கையும் நாங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் படத்தை விரித்தால் கொழும்பின் காலிமுகத்திடலை ஒட்டி போர்ட் சிட்டி நிற்கிறது. 1942இல் அங்கே கடல். உயரத்தையும் கரையோரத்தையும் புள்ளி புள்ளியாக மாற்ற முடியாத கருவி எங்களுக்குப் பயன்படாது.

ஓடுபாதையை எங்கு வேண்டுமானாலும், எந்த நீளத்திலும் போட வழி செய்யுங்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் போட்டிருந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்துதான் பிரிட்டிஷ் விமானப்படையின் 258ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பின. 30ஆவது ஸ்குவாட்ரன் இரத்மலானையில் இருந்தது. ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பிய கேட்டலினா, கொக்கல ஏரியிலிருந்து போன நீர்விமானம். ஆகவே ஏரியும் ஓடுதளமாக வேண்டும். இவை இல்லாமல் அந்தக் காலையை ஆட முடியாது.

விளையாட்டில் ஏற்கெனவே உள்ள கொட்டகை, கிரேன், எண்ணெய்த் தொட்டி, தென்னை எல்லாவற்றையும் எங்கள் மேப்பில் வைக்க எழுத்துமூலம் அனுமதி தாருங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். அது இல்லாததால் ஒவ்வொருவரும் அதே கொட்டகையைத் தனித்தனியாக மாடல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கோப்பு வடிவத்தை விளக்கி எழுதி வெளியிடுங்கள். அதை மாற்றும் அப்டேட் வருமானால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். ஒரே இரவில் துறைமுகம் முழுவதும் தரையிலிருந்து பத்தடி மேலே மிதப்பதைக் காலையில் வந்து பார்ப்பது பழகிப்போய்விட்டது. பழகக் கூடாத பழக்கம் இது.

சர்வரில் நுழைபவரிடம் மேப் இல்லையென்றால் அது தானாக இறங்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் பல ஆண்டுகளாக இருக்கும் வசதிதான்.

செய்த மேப் செய்தவருடையது. அதைக் கட்டண மேப்பாக நீங்கள் விற்க விரும்பினால் முதலில் கேளுங்கள், பெயரைப் போடுங்கள், பங்கைக் கொடுங்கள்.

கருவி வெளியாகும் தேதியை அடுத்த அப்டேட்டின் குறிப்பிலேயே அறிவியுங்கள். கரையோரக் கோடுகளும் உயரத் தரவும் திருத்தி வைத்தாயிற்று; ஏற்றிப் பார்க்க உங்கள் கருவி ஒன்றுதான் பாக்கி.