படிக்கப் போன பொண்ணு ஊர் சுத்துதாம்!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம், கொஞ்சம் சோம்பேறித்தனமும்தான். இன்னிக்கு எழுத வெச்சது ஒரு கல்யாணப் பந்தி.

போன ஞாயித்துக்கிழமை பாலக்கோட்டில் சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் எனக்கு மாமா முறை. அவர் பொண்ணு இன்ஜினியரிங் மூணாம் வருஷம். மாணவர் பரிமாற்றத்தில் ஆறு மாசம் ஜப்பான் போய்ப் படிக்க காலேஜ்ல பேர் வந்திருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள அப்பா கையெழுத்து போட்டுக் கொடுக்கணும். மாமா போடலை. ஏன் மாமான்னு கேட்டேன்.

"உங்க அண்ணன் பொண்ணு போச்சே, அது படிச்ச மாதிரியா இருந்துச்சு? வாரம் ஒரு ஊர்ல நின்னு போட்டோ. படிக்கப் போன பொண்ணு ஊர் சுத்துதுன்னு நம்ம சனமெல்லாம் பேசுச்சு. எம் பொண்ணுக்கும் அந்தப் பேர் எதுக்கு மாப்ள?"

சாப்பிடற இடத்துல சண்டை வேண்டாம்னு பாயசத்தைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அங்கே சொல்லாம விட்டதை இங்கே கொட்டிடறேன்.

ஆமா, ஊர் சுத்துச்சு. நல்லாவே சுத்துச்சு. அது அங்கே படிச்சதில் பாதி, அப்படிச் சுத்தினதில் படிச்சதுதான். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அண்ணன் பொண்ணு (எங்க வீட்டில் எல்லாருக்கும் பாப்பா, இங்கேயும் பாப்பாவாவே இருக்கட்டும்) 2023 செப்டம்பரில் நகோயா போச்சு, ஒரு வருஷத்துக்கு. அதுக்கு முன்னாடி தனியா போன அதிகபட்ச தூரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து சேலம். அதுவும் அண்ணன் கூடவே வந்து ஏத்திவிட்டு, கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் இறங்குவார்.

அந்தப் பொண்ணு போன முதல் ரெண்டு வாரத்துல என்னென்ன செஞ்சுதுன்னு கேளுங்க. குடியிருக்கிற விலாசத்தை 14 நாளுக்குள்ள அந்த ஊர் வார்டு ஆபீஸ்ல பதியணும். பதிஞ்சுது. மூணு மாசத்துக்கு மேல தங்கறவங்க அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் சேரணும், அதுலயும் சேர்ந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா செலவுல 30 சதவீதம் நம்ம கையிலிருந்து கட்டினா போதுமாம். பழைய சைக்கிள் ஒண்ணு வாங்குச்சு. அங்கே சைக்கிளுக்கும் பதிவு உண்டு, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கணும். டபுள்ஸ் போனா போலீஸ் நிறுத்துவாங்களாம். நம்ம நாலு ரோட்டுல பைக்ல நாலு பேர் போறதைப் பார்த்து வளர்ந்த பொண்ணு :-)

குப்பைதான் பெரிய பாடம்னு சொல்லுச்சு. எரியற குப்பை வாரம் ரெண்டு நாள், பிளாஸ்டிக் தனி நாள், பாட்டில் தனி. பிளாஸ்டிக்கைக் கழுவித்தான் போடணும். முதல் வாரம் மாத்திப் போட்டுச்சு. மறுநாள் அந்தப் பை மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுட்டுப் போயிருந்தாங்க. அதைத் திரும்ப ரூமுக்குத் தூக்கிட்டு வந்தப்போ அழுகை வந்துச்சாம்.

அடுத்து சாப்பாடு. பாப்பா கோழி, ஆடு, மீன் சாப்பிடும். மாடும் பன்னியும் சாப்பிடாது. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிச்சுதான் அதுக்கு முதல்ல ஜப்பானிய எழுத்தே வந்துச்சு. சைவக்காரங்களுக்கு இன்னும் கஷ்டம். காய்கறி சூப்புன்னு நம்பிக் குடிச்சா அடியில மீன் சாறு இருக்கும்.

இவ்வளவும் நல்லாப் போச்சு. ஆனா நவம்பர் கடைசியில பாப்பா படுத்துடுச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசுதான். சாயந்தரம் அஞ்சு மணிக்கே இருட்டு, குளிர். கிளாஸ் விட்டா ரூம், ரூமை விட்டா கிளாஸ். போன்ல நம்ம ஊர் சீரியல் பார்த்துக்கிட்டு, கொண்டுபோன ராகி மாவில் களி கிண்டித் தின்னுக்கிட்டு மூணு வாரம் கிடந்துச்சு. ஒருநாள் ராத்திரி, "சித்தப்பா, நான் திரும்பி வந்துடட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

நான் சொன்னேன், "வர்றதைப் பத்தி அப்புறம் பேசலாம் கண்ணு. முதல்ல வெளியே கிளம்பு."

அங்கே ஒரு ரயில் டிக்கெட் இருக்கு. பேரை நம்ம பாஷையில சொன்னா 'இளமை 18'னு வரும். 1982-ல் ஆரம்பிச்சது. பேர்தான் இளமை, எண்பது வயசுக்காரரும் வாங்கலாம். ஸ்கூல் லீவு சமயங்கள்ல மட்டும் விற்பாங்க. புல்லட் ரயில் கிடையாது, நின்னு நின்னு போற சாதா ரயில்ல நாள் பூரா எங்கே வேணா ஏறி இறங்கலாம். அப்போ 5 நாளுக்கு 12,050 யென், நம்ம கணக்குல சுமார் ஏழாயிரம் ரூபாய். அஞ்சு நாளையும் தனித்தனியா பிரிச்சு உபயோகிக்கலாம். (2024 குளிர்காலத்திலிருந்து விதியை மாத்தி, தொடர்ச்சியா 3 நாள் அல்லது 5 நாள்னு ஆக்கிட்டாங்க.) அந்த ஏழாயிரத்தை அனுப்பினது நான்தான். அண்ணனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அண்ணா, இதைப் படிச்சா மன்னிச்சுக்கோ.

இப்போ 2024 ஜனவரி 1-க்கு வாங்க. புத்தாண்டு, வீட்டில் எல்லாரும் இருக்கோம். மத்தியானம் ஒரு மணி வாக்கில் டிவியில் ஓடுது: ஜப்பானில் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. நோட்டோ தீபகற்பத்தில் வந்த அந்த 7.6 நிலநடுக்கம்தான். நூற்றுக்கணக்கானவங்க செத்துப்போனாங்க. 2004-ஐப் பார்த்த நமக்கு சுனாமிங்கற வார்த்தையே போதும். அண்ணி அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. பாப்பா ரூம்ல இருக்குன்னு அவங்க நம்பிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், அது அன்னிக்கு காலையில தகயாமாங்கற மலை ஊருக்குக் கிளம்பிப் போயிருக்குன்னு. அந்த இருபது நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியலை.

அப்புறம் செய்தி வந்துச்சு: "நல்லா இருக்கேன் சித்தப்பா. ரயில் நின்னுடுச்சு. பாட்டி ஒருத்தங்க ஆரஞ்சு கொடுத்தாங்க."

நடந்தது இதுதான். திரும்பி வர்ற வழி, ரெண்டு பெட்டி டீசல் ரயில். எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறியிருக்கு. ரயில் ஒரு சின்ன ஸ்டேஷன்ல நின்னுடுச்சு. யாரும் கத்தலை, ஓடலை. பக்கத்து சீட்டு ஆயா இதோட கையைப் பிடிச்சுக்கிட்டு, பையிலிருந்து ஆரஞ்சு எடுத்துக் கொடுத்திருக்காங்க. அப்புறம் பேச்சு. உங்க ஊர்ல என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்களாம். இது போன்ல களி உருண்டை படத்தையும், காட்டுல கதிர் நிக்கிற படத்தையும் காட்டுச்சு. கதிரைப் பார்த்ததும் ஆயா சொன்னாங்களாம், "ஷிகொகுபியே!" சின்ன வயசுல அவங்க மலையிலயும் அதைப் போட்டிருக்காங்க. மாவாக்கி, வெந்நீர்ல கிண்டித் தின்னிருக்காங்க. அரிசி வந்தப்புறம் விட்டுட்டாங்க.

மக்களே, அது சாட்சாத் நம்ம கேழ்வரகு! ஆப்பிரிக்காவில் பிறந்த தானியம், நம்ம பென்னாகரம் காட்டுக்கும் வந்து, ஜப்பான் மலைக்கும் போயிருக்கு. நம்ம சனமும் விருந்தாளி வந்தா களிச் சட்டியை மறைச்சு வெச்ச சனம்தானே? 2023-ல் நம்ம மாவட்டத்து ரேஷன் கடையில 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சப்போ மூக்கைச் சுளிச்சவங்களும் உண்டு. மாமா, சொல்லுங்க, இதை எந்த கிளாஸ்ல எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார்?

அதுக்கப்புறம் பாப்பா திரும்பி வர்றேன்னு சொல்லவே இல்லை. பார்ட் டைம் வேலைக்குப் போச்சு. அனுமதி வாங்கினா படிக்கிறவங்க வாரத்துக்கு 28 மணி நேரம் வரைக்கும் வேலை செய்யலாம். பேருக்கு இந்தியன் ஓட்டல், சமையல்காரங்க எல்லாம் நேபாளிங்க. அந்தச் சம்பளத்துல மார்ச் மாசம் மறுபடி அதே டிக்கெட். விடிகாலை ஏறி, மாறி மாறிப் போய் ஹிரோஷிமா சேர்ந்துச்சு. மியூசியத்துல மூணு வயசுக் குழந்தையோட துருப்பிடிச்ச மூணு சக்கர சைக்கிள் இருக்கு. அதைப் பார்த்துட்டு வந்து, அன்னிக்கு ராத்திரி போன்ல ஒண்ணும் பேசலை. "நாளைக்குப் பேசறேன் சித்தப்பா"ன்னு வெச்சுடுச்சு.

ஜப்பான் சொர்க்கம்னு நான் சொல்லலை. ரயில்ல பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்குன்னா, அங்கேயும் சில ஆம்பளைங்க கை சும்மா இருக்காதுன்னு அர்த்தம். வெளிநாட்டுக்காரங்கன்னா வீடு தர யோசிக்கிற ஓனர்களும் உண்டு. படிப்பிலும் ஒரு அடி விழுந்துச்சு. அங்கே எழுதின ரெண்டு பாடத்தை இங்கே ஏத்துக்கலை, வந்து திரும்ப எழுதுச்சு. மாமா, பயப்படணும்னா இதுக்குப் பயப்படுங்க. எந்தெந்தப் பாடத்தை ஏத்துக்குவீங்கன்னு காலேஜ்ல முன்னாடியே எழுதி வாங்குங்க. போட்டோவைப் பார்த்துப் பயப்படாதீங்க.

ஜப்பானுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னும் அன்னிக்குக் கேட்டீங்க. வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் கையெழுத்தானது ஜப்பான் கடன். இனாம் இல்லை, கடன்தான். 2013 மே மாசம் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. அதுவரைக்கும் புளோரைடு கலந்த போர் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவங்க நானும் அண்ணனும். சிரிச்சா கை தானா வாயை மூடும். பாப்பாவுக்கும் முன் பல்லில் லேசா கோடு உண்டு. 2012-ல் பொறந்த அதன் தம்பிக்கு இல்லை.

2011 சென்சஸ்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம் நாம்தான், 68.54 சதவீதம். 2024 மே மாசக் கணக்குப்படி ஜப்பானில் வெளிநாட்டு மாணவர்கள் 3 லட்சத்து 36 ஆயிரம் பேருக்கு மேல. நேபாளத்துப் பிள்ளைங்க மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல. இந்தியாவிலிருந்து போனவங்க இரண்டாயிரத்தைத் தொடலை. 2033-க்குள்ள நாலு லட்சம் பேரைச் சேர்க்கணும்னு அவங்க திட்டம் போட்டிருக்காங்க. கதவு திறந்திருக்கு, நம்ம வீட்டுக் கதவுதான் சாத்தியிருக்கு.

பையன் கோவா போனா 'நாலு இடம் பார்த்துட்டு வரட்டும்'. பொண்ணு ஒரு மலை ஊர் பார்த்தா 'ஊர் சுத்துது'. இதே சனம்தான் ரெண்டையும் சொல்லுது. பொண்ணு படிச்சுட்டா பரவாயில்லை, தனியா டிக்கெட் எடுத்து, வழி கேட்டு, ரயில் நின்னா பதறாம உட்காரக் கத்துக்கிட்டாதான் நமக்கு உதறுது. ஆனா அதை வெளியே போகாம கத்துக்க முடியாதே?

பாப்பா இப்போ சேலத்துக்கு இல்லை, சென்னைக்கே தனியா போகுது. மொரப்பூர்ல போய் ரயில் ஏறுது. (நம்ம மொரப்பூர் - தருமபுரி லைனுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டின கதை தனிப் பதிவா எழுதணும், இங்கே ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.) அண்ணன் இப்பவும் ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றார். ஆனா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்லை.

மாமா இந்தப் பக்கமெல்லாம் வர மாட்டார். அவர் பொண்ணு படிக்கும்னு கேள்வி. கண்ணு, வர்ற ஞாயித்துக்கிழமை நானும் பாப்பாவும் உங்க வீட்டுக்கு வர்றோம். அப்பாவை வீட்ல இருக்கச் சொல்லு.

ஜப்பானில் இருக்கிற பதிவர்கள், இருந்துட்டு வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க, பிரிண்ட் எடுத்து மாமாகிட்ட காட்டணும்.

பி.கு.: கும்மி அடிக்கிறவங்க கையெழுத்து விழுந்தப்புறம் வந்து அடிக்கவும். விழலைன்னா அதையும் இங்கேயே வந்து சொல்றேன்.