மைதானத்துக்கு வெளியே ஓர் அணி!

கால்பந்துப் போட்டியை டி.வி.,யில் பார்க்கும்போது, 11 வீரர்கள் ஓடுவது தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் பயிற்சியாளரும் தெரிவார். ஆனால், அந்த வீரர்களைத் தேடிப் பிடித்து, சம்பளம் பேசி, அணிக்குக் கொண்டு வருவது யார்? கிளப் அலுவலகத்தில் இருப்பவர்கள்தான். அந்த அலுவலகம் சரியில்லை என்றால், எவ்வளவு பெரிய அணியும் தள்ளாடும். இங்கிலாந்தின் இரண்டு கிளப்களைப் பார்ப்போமா?

முதலில், மான்செஸ்டர் யுனைடெட். அலெக்ஸ் பெர்குசன் 1986ல் பொறுப்பேற்று, 2013 வரை இருந்தார். 13 முறை லீக் பட்டம் வாங்கித் தந்தார். கால்பந்து விஷயத்தில் அவர் சொன்னதே சட்டம். பணம், ஒப்பந்தம் போன்றவற்றை தலைமைச் செயல் அலுவலர் டேவிட் கில் கவனித்தார்.

2013ல் இருவரும் ஒரே நேரத்தில் விலகினர். அடுத்து, ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த டேவிட் மோயஸ், பத்து மாதம்கூட நீடிக்கவில்லை. பிறகு வான் கால், மொரின்யோ, சோல்ஷேர் என, ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒவ்வொருவர் ஆட்டமுறையும் வேறு. ஒருவருக்காக வாங்கிய வீரர், அடுத்தவருக்குப் பொருந்தவில்லை. 'கால்பந்து இயக்குநர்' என்ற பதவியே 2021ல்தான் அங்கு வந்தது. பெர்குசன் போன பின், 2025 வரை நடந்த 12 சீசன்களில், ஒரு லீக் பட்டம்கூட கிடைக்கவில்லை!

அடுத்தது, லிவர்பூல். இங்கு 2015ல் யுர்கன் கிளாப் பயிற்சியாளரானார். 2016ல் மைக்கேல் எட்வர்ட்ஸ் விளையாட்டு இயக்குநரானார். இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற இயன் கிரஹாம், கணக்குப் போட்டு வீரர்களை எடை போட்டார். 2017ல் எகிப்து வீரர் முகமது சலாவை வாங்கும்படி வற்புறுத்தியது அலுவலகக் குழுதான். கிளாப்பே இதை ஒப்புக்கொண்டார். வந்த முதல் சீசனிலேயே, சலா லீக்கில் 32 கோல் அடித்தார்!

2024ல் கிளாப் விலகினார். அணி உடைந்ததா? இல்லை. அலுவலகம் தேடிப் பிடித்த ஆர்னே ஸ்லாட், பெரும்பாலும் பழைய வீரர்களை வைத்தே, 2025ல் லீக் பட்டம் வென்றார்.

ஏன் இந்த வித்தியாசம்? பயிற்சியாளருக்கு வரும் சனிக்கிழமை ஆட்டம்தான் பெரிது. தோற்றால் வேலை போய்விடுமே! அதனால், இன்றைக்கு உதவும் வீரரையே அவர் கேட்பார். ஐந்து ஆண்டு கழித்து அணி எப்படி இருக்கும் என்று யோசிக்க, இன்னொருவர் வேண்டும். அவர்தான் விளையாட்டு இயக்குநர். வரவு செலவைப் பார்க்க, தலைமைச் செயல் அலுவலர். இவர்களைத் தேர்ந்தெடுத்து, பின் தினமும் தலையிடாமல் இருக்க வேண்டியவர், உரிமையாளர்.

பதவியை உருவாக்கினால் மட்டும் போதாது. 2024 ஜூலையில், யுனைடெட்டுக்கு விளையாட்டு இயக்குநராக வந்த டேன் ஆஷ்வொர்த், டிசம்பரிலேயே வெளியேறினார். யாருக்கு என்ன வேலை, கடைசி முடிவு யாருடையது என்பது, முதல் நாளே தெளிவாக வேண்டும். அதற்காக, பயிற்சியாளருக்குப் பிடிக்காத வீரரை அவர் தலையில் கட்டவும் கூடாது. பேசித்தான் முடிவு எடுக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த பள்ளியில், எல்லாரும் மதித்த தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். மறுநாள் காலையும், வழக்கமான நேரத்தில் மணி அடித்தது, வகுப்புகள் நடந்தன. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை, அவர் முன்பே பழக்கியிருந்தார். நல்ல தலைவருக்கு அதுதான் அடையாளம்.

சரி குட்டீஸ், உங்கள் தெரு அணியின் கேப்டன் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால், ஆட்டம் நடக்குமா? யோசித்துப் பாருங்கள்!