உழைத்துப் பறந்தோரின் மைல்கள்

புத்தளம், கற்பிட்டி, சிலாபம் கரையோரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் பலர். விமானச் சீட்டைத் தொழில்தருநரே வாங்கிக் கொடுத்தாலும், பறந்ததற்கான மைல்கள் பயணியின் கணக்கிலேயே சேரும். அந்தக் கணக்கை இலவசமாகத் தொடங்கலாம்.

எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி. எமிரேட்ஸ் மைல்களின் ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருபவர் அடுத்த விடுமுறைக்குள் செலவிடாவிட்டால், அதற்கடுத்த விடுமுறையை எட்டுமுன்பே பழைய மைல்கள் அழிந்துவிடும். கட்டார் எயார்வேய்ஸின் ஏவியோஸ் புள்ளிகளோ, 36 மாதங்களுக்குள் ஒருமுறையேனும் சேர்த்தால் அல்லது செலவிட்டால் முழுவதும் நிலைத்திருக்கும். 2022 முதல் அவற்றைப் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கணக்குடன் இணைக்கவும் முடிகிறது. 2014 இல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்த ஸ்ரீலங்கனில் பறந்தாலும், தகுதியுள்ள சீட்டாயின், அதே கட்டார் கணக்கில் வரவு வைக்கலாம். ஆகவே, மூன்று இடங்களில் சிதறவிடாமல் ஒரே கணக்கில் சேர்ப்பதே புத்தி.

இதை அவர்களுக்கு யார் சொல்வது? புறப்படுமுன் நடத்தும் பயிற்சியில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பத்து நிமிடங்களை இதற்கு ஒதுக்கலாம். செல்வந்தர் ஒரு மைலையும் விடுவதில்லை. வியர்வை சிந்திப் பறந்தவர் மட்டும் ஏன் இழக்கவேண்டும்?