கயோட்டி வேட்டைக்குப் போகும் தம்பிகளுக்கு: முகத்தை மூடுங்க, ஆரஞ்சைக் கழற்றாதீங்க

டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "டாக்டர், ஆபீஸ் நண்பர்கள் கயோட்டி வேட்டைக்குக் கூப்பிடுறாங்க. முகத்துக்குப் பச்சையும் பழுப்புமா பெயின்ட் பூசணும், கைக்கு கிளவுஸ் போடணும்னு சொல்றாங்க. ஸ்கின்னுக்கு ஏதாவது ஆகுமா?"

ஸ்கின்னுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது தம்பி. என் பயம் வேற.

நம்ம ஊரில் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தப் பதிவு அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு மட்டும். நான் துப்பாக்கி தூக்குறவன் இல்லை. ஆனா அங்கே ஒரு கிராமத்து மருத்துவமனையின் எமர்ஜென்சியில் சில வருடம் வேலை பார்த்தவன். வேட்டை சரியா தப்பா என்ற சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கலாம்.

முகத்தையும் கையையும் ஏன் மறைக்கச் சொல்றாங்க? இதில் நியாயம் இருக்கு.

கயோட்டி நாய்க் குடும்பத்து விலங்கு. ஓநாயை விடச் சின்னது, நம்ம ஊர் நரியை விடக் கொஞ்சம் பெருசு. மான் வேட்டையில் மான் வரும் வழியில் ஒளிஞ்சு உட்கார்ந்தா போதும். கயோட்டியை வரவழைக்கணும். அடிபட்ட முயல் கத்துற மாதிரி ஒரு ஊதலை ஊதுவாங்க. இரை கிடைச்சதுன்னு நினைச்சு, சத்தம் வர்ற இடத்தையே உற்றுப் பார்த்துக்கிட்டு அது வரும். அந்த இடத்தில் இருப்பது யாரு? நீங்கதான். இரை தேடும் ஒரு மிருகம் உங்க மூஞ்சியையே நேராப் பார்க்குது.

உடம்பெல்லாம் இலை டிசைன் சட்டை. ஆனா நெற்றியும் மூக்கும் எண்ணெய்ப் பசையில் வெயில் பட்டு மின்னும். ஊதலைப் பிடிச்ச கை ஏறி இறங்கும். நாய்க் குடும்பத்துக் கண் நிறத்தில் வீக், அசைவைப் பிடிப்பதில் கில்லாடி. 'நம்ம மாநிறம்தானே, தெரியாது' என்று நினைக்காதீங்க. காட்டிக்கொடுப்பது பளபளப்பும் அசைவும். அதனால் முகத்துக்கு வலை, கைக்கு உறை என்பது ஸ்டைலுக்காக இல்லை. இதுவரைக்கும் உங்க நண்பர்கள் சொன்னது சரி.

இப்போ கண்ணுக்குள்ளே போவோம்.

நிறம் பார்க்க மனித விழித்திரையில் 3 வகைக் கூம்பு செல்கள். நாய்க்கு 2 வகைதான். ஒன்று 429 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலம். மற்றது 555 பக்கம், மஞ்சள்பச்சை. இதை 1989-லேயே அளந்துவிட்டார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்ட வேண்டிய கூம்பு அங்கே கிடையாது. வேட்டைக்காரர்கள் போடும் அந்தப் பளீர் ஆரஞ்சு 600 நானோமீட்டர் சுமாருக்கு வரும். நமக்கு அது தீ எரியுற மாதிரி. கயோட்டிக்கு, காய்ந்த புல்லோடு சேர்த்தி ஏதோ ஒரு மஞ்சள். நீங்க அசையாமல் இருந்தால் அது பெருசா கண்டுக்காது.

ஆக, ஆரஞ்சைப் பார்த்து அலறும் கண் அந்தக் காட்டில் மனிதக் கண் மட்டும்தான். அந்த மனிதன் கையிலும் துப்பாக்கி இருக்கு. பல மாநிலங்களில் மான் சீசனில் ஆரஞ்சு கட்டாயம். கயோட்டி வேட்டைக்கு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் போடாமலே போகலாம். போடாமல் போகலாம் என்பதை போடக்கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

ஒரு நாள் காலையில் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். முகம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமா பெயின்ட். மூர்ச்சையான ஆளைப் பார்த்ததும் நாங்க முதலில் பார்ப்பது முகம்: வெளிறி இருக்கா, உதடு நீலமா இருக்கா? எதுவுமே தெரியல. துடைக்கத் துடைக்கத்தான் எது பெயின்ட், எது ரத்தம் என்றே புரிந்தது. கன்னத்திலும் முன்கையிலும் ஈயக் குண்டுகள். ஒன்று கண்ணில்.

சுட்டவர் மனைவியின் தம்பி. இவர் புதரடியில் உட்கார்ந்து முயல் மாதிரி ஊதியிருக்கார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த அவருக்கு முயல் சத்தம் கேட்டது, இலைக்கு நடுவே பழுப்பா ஏதோ அசைந்தது. அசைந்தது இவர் கை. காரிடாரில் உட்கார்ந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "நான் கயோட்டியைப் பார்த்தேன்."

அவர் பொய் சொல்லல. மூளை எதை எதிர்பார்க்குதோ அதைத்தான் கண் முதலில் காட்டும். எங்க தொழிலிலும் இது உண்டு. டெங்கு சீசனில் வர்ற காய்ச்சலெல்லாம் டெங்குவாத்தான் தெரியும். அந்த எதிர்பார்ப்பை உடைக்க, காட்டில் எந்த மிருகத்திடமும் இல்லாத ஒரு நிறம் வேணும்.

உயிர் பிழைச்சார். அந்தக் கண் பிழைக்கல.

ஆரஞ்சு போட்டாலும் சுடுபட்டவங்க இருக்காங்களே டாக்டர்னு கேட்பீங்க. இருக்காங்க. 2006 பிப்ரவரி 11, அதே டெக்சாஸ். காடை வேட்டையில் அன்றைய துணை அதிபர் டிக் செனி, கூட வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனைச் சுட்டுவிட்டார். அவர் ஆரஞ்சு உடையில்தான் இருந்தார். முகம், கழுத்து, மார்பில் குண்டுகள். மூணு நாள் கழிச்சு, இதயத்துக்குப் பக்கத்தில் போன ஒரு குண்டால் லேசான மாரடைப்பு. பறவையைத் துரத்தித் துப்பாக்கியைச் சுழற்றுபவருக்கு எந்த நிறமும் உதவாது. அதோடு, வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8% பேருக்கு சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. கூட வர்றவங்களில் யாருக்காவது இருக்கான்னு கூச்சப்படாமல் கேளுங்க. ராத்திரியில் தெர்மல் ஸ்கோப் வைத்துச் சுடும் வேட்டைக்கு நான் போகவே வேண்டாம்பேன். அதில் நிறமே தெரியாது, உடல் சூடுதான் தெரியும். உங்க ஆரஞ்சும் வீண், இலைச் சட்டையும் வீண்.

அப்போ என்ன செய்றது?

நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சு வெஸ்ட். உட்காரும் இடத்தில் பின்னால் உள்ள மரத்தில், தலைக்கு மேலே, எல்லாப் பக்கமும் தெரியும்படி ஒரு ஆரஞ்சுத் துணியைச் சுற்றுங்க. முகத்துக்கு பெயின்ட்டை விட வலை நல்லது, ஒரு நொடியில் கழற்றலாம். ஆனா துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது வலை நகர்ந்து கண்ணை மறைக்குதான்னு வீட்டிலேயே பாருங்க, குண்டு போடாமல். உள்ளே பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்க. அந்த மனிதர் போட்டிருந்தால் ஒருவேளை இன்னைக்கு இரண்டு கண்ணாலும் பார்த்திருப்பார். கையுறை விரலில் மெல்லிசா இருக்கணும், ட்ரிகரில் விரல் இருப்பதே தெரியாத தடிமன் கூடாது. பெயின்ட்தான் வேணும்னா கண்ணைச் சுற்றி விட்டுடுங்க, வீட்டுக்கு வந்ததும் துடைச்சிடுங்க. உங்க கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வரிதான்.

ஹெச்1பி விசாவில் இருக்கீங்கன்னா இன்னொண்ணு: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 'சும்மா பிடிச்சுப் பாரு மச்சி'ன்னு நீட்டினால் வாங்காதீங்க.

உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரோ வர்றது தெரிஞ்சா கையை ஆட்டிக் காட்டாதீங்க. கிளவுஸ் போட்ட அந்தக் கைதான் அவருக்குக் கயோட்டி. அசையாமல் இருந்து, சத்தமாக் கத்துங்க. பதட்டத்தில் இங்கிலீஷ் வரலைன்னா தமிழ்லயே கத்துங்க. எந்தக் கயோட்டியும் தமிழ் பேசாது.