தூக்கத்திலேயே மரணம்: வலிப்பு உள்ளவர்களிடம் பலரும் பேசத் தயங்கும் 'சூடெப்' என்றால் என்ன?

2019 ஜூலை 6. 'டிசன்டன்ட்ஸ்' படங்களில் நடித்த டிஸ்னி நடிகர் கேமரன் பாய்ஸ், லாஸ் ஏஞ்சலிஸில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 20 தான். பிரேதப் பரிசோதனை சொன்ன காரணம், 'சூடெப்'. வலிப்பு நோய் உள்ள ஒருவர், விபத்தோ வேறு நோயோ இல்லாமல் திடீரென இறப்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் இது.

வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவர், குழந்தைகளில் 4,500 பேரில் ஒருவர் இப்படி இறக்கலாம் என்கிறது அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2017 வழிகாட்டி. குறைவுதான். ஆனால் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. கை, கால், உடம்பு எல்லாம் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் வந்தால், அது பல மடங்கு எகிறிவிடும்.

பெரும்பாலும் நடப்பது இரவில். பெரிய வலிப்பு அடங்கிய சில நிமிடங்களில் மூச்சு நிற்கிறது, பிறகு இதயம். பலர் குப்புறக் கிடந்த நிலையில்தான் கண்டெடுக்கப்படுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து திருப்பிப் படுக்கவைத்து உசுப்பினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அபிராமபுரத்திலோ மந்தைவெளியிலோ தனி ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவருக்கு அந்த 'ஒருவர்' யார்?

ரூம்மேட் இருந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நம்ம ஊரில் வலிப்பு என்றாலே ரகசியம். திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பு நோய், 1999 திருத்தத்தில் நீக்கப்பட்டது. சட்டம் விட்டாலும் வரன் பார்க்கிறவர்கள் விடவில்லை. விளைவு, மாத்திரையை ஒளித்துவைப்பது, விருந்தாளி வந்த நாளில் போடாமல் விடுவது. 'ஒரு வேளை விட்டா என்ன ஆயிடப் போகுது' என்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. மாத்திரை தவறுவது, தூக்கம் கெடுவது, அளவில்லாத குடி, இவை வலிப்பைக் கூப்பிட்டு வரும். நைட் ஷிஃப்ட்காரர்கள் இதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டாக்டர்கள் பக்கமும் தயக்கம் உண்டு. 'சொன்னா பயந்துடுவாங்க' என்பது காரணம். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதே 2017 வழிகாட்டி. தெரிந்தால்தானே மாத்திரையை விடாமல் போடுவார்கள்?

ரூம்மேட்டுக்கு: சாவிக்கொத்து, இரும்பு எதுவும் வலிப்பை நிறுத்தாது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். மணியைப் பாருங்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று கவனித்தபடி நினைவு திரும்பும்வரை கூடவே இருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சு சீராக வராவிட்டாலோ 108.