டேஷ்போர்டு விரிசலும் 'அழகுக் குறை' என்கிற கதையும்

பிள்ளையார்பட்டியில் மதிய வேளையில் கார் நிறுத்தும் இடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பத்து வருடம் ஓடிய வண்டிகளின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், கோடையில் வறண்ட கண்மாய் மாதிரி வெடித்துக் கிடக்கும் டேஷ்போர்டு ஒன்றாவது கண்ணில் படும். சிலர் அதன்மேல் வெல்வெட் விரிப்புப் போட்டு மறைத்திருப்பார்கள். விரிப்பின் மேல், கோயில் வாசலில் வாங்கிய கற்பக விநாயகர், டபுள் டேப்பில் ஜம்மென்று.

விற்றவர்களிடம் கேட்டால் ரெடிமேட் பதில் ஒன்று இருக்கிறது: "அது அழகு சம்பந்தப்பட்ட குறை சார், வாரண்டியில் வராது."

அழகா? முன்பக்க இடது இருக்கைக்கு எதிரே இருக்கிற அந்தப் பிளாஸ்டிக், ஏர்பேக்கின் கதவு ஐயா! பல வண்டிகளில் அதன் அடிப்புறத்தில், வெளியே தெரியாதபடி ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள். வண்டி மோதியதும் பை சுமார் 30 மில்லி செகண்டில், மணிக்கு 300 கி.மீ. வரையிலான வேகத்தில் விரியும். அப்போது மூடி அந்தக் கோட்டில் மட்டும்தான் கிழிந்து திறக்க வேண்டும். வெயிலில் காய்ந்து அப்பளமாகிப்போன பிளாஸ்டிக், கோடு பார்த்துத்தான் கிழியும் என்று யார் எழுதிக் கொடுத்தது? சில்லு தெறித்தால் எதிரே இருப்பது ஒரு முகம். (ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் விழுந்த விரிசல் வெறும் அசிங்கம்தான், அதை விட்டுவிடலாம்.)

2014 வாக்கில் அமெரிக்காவில் டொயோட்டா, சில மாடல்களில் உருகி ஒட்டும், வெடிக்கும் டேஷ்போர்டுகளை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. எல்லாம் வாடிக்கையாளர் சேவைக் கணக்கில்தான். பாதுகாப்புக் குறை என்ற கணக்கில் அல்ல.

வெயில் அழகை மட்டும்தான் கெடுக்கும் என்பவர்களுக்கு டகாட்டா கதை தெரியாது போலும். அந்த ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் சூடும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப்போய், பையை விரிப்பதற்குப் பதிலாக உலோகக் கூட்டையே வெடிக்க வைத்தது. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்தார்கள். 2015இல் ஹோண்டா இந்தியாவிலும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. 2017இல் டகாட்டா திவாலானது. அது வேறு கோளாறு, டேஷ்போர்டு விரிசல் அல்ல. ஆனால் இரண்டிலும் குற்றவாளி ஒன்றுதான்: சூட்டில் கழிந்த வருடங்கள்.

இங்கேதான் சட்டம் சிரிக்க வைக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. 2021இல் விதியும் வந்தது, ஒரு கோடி ரூபாய் வரை அபராதத்தோடு. சபாஷ்! ஆனால் வண்டிக்கு ஏழு வயதுக்குள் இருக்க வேண்டுமாம். வெயில் தின்கிற பிளாஸ்டிக் எட்டாம் வருடம் வெடித்தால்? அது ஓனரின் தலையெழுத்து.

முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானதே 2021இல்தான், அதுவும் புது மாடல்களுக்கு. பழைய மாடல்களுக்கு 2022 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வண்டிகளுக்கெல்லாம் இனிமேல்தான் வயசாகப் போகிறது.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முற்றம் வைத்து, ஆத்தங்குடிக் கல் பதித்து, முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்து பூசி வெயிலை வாசலோடு நிறுத்திய செட்டிநாட்டில், பல லட்சம் கொடுத்து வாங்கிய கார் மட்டும் தெருவில் வேகிறது. 2018இல் அரிசோனாவில் அளந்து பார்த்தார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். சித்திரையில் காரைக்குடி மட்டும் என்ன ஊட்டியா?

விரிசல் விட்டதும் அடுத்த வைத்தியம், ரெக்சின் கடை. மொத்த டேஷ்போர்டையும் இழுத்துப் போர்த்தி, விளிம்பில் பசை தடவி, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். கிழிய வேண்டிய கோட்டின் மேலேயே கிழியாத ரெக்சின். பிறகு அதே இடத்தில் பிள்ளையாரை ஒட்டி, பக்கத்து சீட்டில் அம்மாவை உட்கார வைத்து, குன்றக்குடிக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.